பயான் என்றால் பிரசங்கமா?

வேலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. பேர்ணாம்பட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணாடி டம்ளரை ஊதி ஊதிக் குடித்தபடி, காலையில் காவல் நிலையத்தில் பயான் கொடுத்துவிட்டு நேராக இங்கே வருவதாகச் சொன்னார். வெள்ளைத் தாடி, தொப்பி, தோளில் கட்டம் போட்ட துண்டு. காவலர்களுக்கு நல்லொழுக்கம் பற்றிப் பேச அழைத்திருப்பார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். "எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்கள், பாய்?" என்றேன். ஒரே ஒரு ஏட்டுதான், அவரும் எழுதிக்கொண்டேதான் கேட்டார் என்றார். அவருடைய ஸ்கூட்டர் திருட்டுப் போயிருந்தது. அதற்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் வீட்டில் பேசுவது உருது. உருதில் பயான் என்றால் எடுத்துச் சொல்வது, வாக்குமூலம், அறிக்கை எல்லாம்தான். இந்தி நாளிதழ்களிலும் ஓர் அமைச்சர் எதையாவது சொல்லிவிட்டால் அது 'பயான்'. மறுநாள் அவர் மறுத்தால் அதுவும் 'பயான்'. நான் பிறந்தது முதல் கேட்ட பயானோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம், ரபீவுல் அவ்வல் மாதத்தில் பன்னிரண்டு நாள் தொடராக, ரமலானில் இரவுத் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம். 'பெண்கள் பயான்' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். 'பயானுக்குப் போயிருந்தேன்' என்றால் மார்க்கச் சொற்பொழிவு கேட்கப் போயிருந்தார் என்று பொருள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையே இல்லை.

ஒரே சொல் பாலாற்றின் கரையிலேயே ஒரு வீட்டில் ஒரு பொருளும் அடுத்த வீட்டில் இன்னொரு பொருளும் தருகிறது. ஊர் என்று நான் சொல்வது பழைய வட ஆற்காட்டை. 1989இல் அது இரண்டாகி, 2019இல் வேலூர் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையோடு சேர்ந்தன. உருதும் தமிழும் ஒரே தெருவில் புழங்குவதை மட்டும் எந்த அரசாணையும் பிரிக்கவில்லை.

முதலில் ஒரு களை எடுப்பு. கேட்பவர்களுக்குப் பயன் தருவதால்தான் அது பயான் என்று ஒருவர் மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பயன் தமிழ், பயான் அரபு. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கும் உழைப்பதால் வந்த மயக்கம் இது. பயானின் முதல் எழுத்தைப் பந்தின் பகரமாகச் சொல்லக் கூடாது. பஸ்ஸின் பகரமாகச் சொல்ல வேண்டும்.

அரபு மொழியில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து கிளைக்கின்றன. பயானின் வேரில் உள்ளவை பா, யா, நூன். அந்த வேரிலிருந்து வரும் எளிய சொல் 'பைன', பொருள், 'இடையில்'. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. 'பான' என்றால் பிரிந்தது, விலகியது என்று ஒரு பொருள். தெளிவாகத் தெரிந்தது என்று இன்னொரு பொருள். 'பய்யன' என்றால் தெளிவாக்கினான். அந்தத் தெளிவாக்கலின் பெயர்தான் பயான்.

பிரிவதும் தெளிவதும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டால், நம் வீட்டுச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் வைத்தால் மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளிகிறது. மண் வேறு, நீர் வேறு என்று பிரிந்ததைத்தான் தெளிந்தது என்கிறோம். தமிழ் இதைவிட நெருக்கமாகவும் போயிருக்கிறது. 'விள்' என்ற வினைக்குப் பிளப்பது என்றும் பொருள், வாய்விட்டுச் சொல்வது என்றும் பொருள். இட்லியை விண்டு வாயில் போடுகிறோம். அந்தத் துண்டு ஒரு விள்ளல். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்னும்போது அதே விள்ளல் பேச்சாகிவிடுகிறது. ஒருவர் எல்லாவற்றையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னால் 'புட்டுப் புட்டு வைத்துவிட்டார்' என்கிறோமே, அரபுக்காரர் பயான் என்று சொன்னபோது அவர் மனத்தில் இருந்த படம் ஏறக்குறைய அதுதான். அந்த வகையில் பார்த்தால் டீக்கடைப் பெரியவர் சொன்னது வழுவே இல்லை. ஏட்டு முன்னால் அவர் புட்டுப் புட்டுத்தானே வைத்திருப்பார்.

இந்த வேரின் பிள்ளைகள் வேலூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நிறையவே நடமாடுகின்றன. உறவு தெரியாமல் நடமாடுகின்றன. முபீன், முபீனா என்று பெயர் வைக்கிறார்கள். தெளிவானது, தெளிவாக்குவது என்று பொருள். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தில் 'முபீன்' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஒவ்வொரு முபீனிலும் நிறுத்தி துஆ என்னும் வேண்டுதல் கேட்கும் வழக்கத்தைப் பாட்டிமார் 'ஏழு முபீன்' என்றே சொல்வார்கள். குர்ஆனின் 98ஆம் அத்தியாயத்தின் பெயர் பய்யினா, தெளிவான சான்று. இன்னொரு பிள்ளை ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் விரும்பிச் சந்திப்பதில்லை. 'தலாக் பாயின்' என்ற மணவிலக்குச் சொல்லில் வரும் 'பாயின்' இதே வேர்தான். அங்கே தெளிவு கழன்றுபோய் பிரிவு மட்டும் மிஞ்சி நிற்கிறது.

குர்ஆனில் பயான் என்ற வடிவம் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாம் அத்தியாயத்தில், 'இது மக்களுக்கு ஒரு பயான்' என்னும் இடத்தில் விளக்கம் என்று பொருள். 75ஆம் அத்தியாயத்தில் வேதத்தின் விளக்கம் நம் பொறுப்பு என்று இறைவன் சொல்லும் இடத்திலும் அப்படியே. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வருவதுதான் எல்லாருக்கும் மனப்பாடம். அருளாளன் குர்ஆனைக் கற்றுக் கொடுத்தான், மனிதனைப் படைத்தான், அவனுக்கு பயானைக் கற்றுக் கொடுத்தான். இங்கே பயான் என்றால் வெறும் விளக்கம் போதாது; உள்ளே இருப்பதை வெளியே சொல்லும் திறன், பேச்சு என்னும் கொடை. இந்த வசனத்தைக் காட்டி, பயான் செய்வதையே இறைவன் கட்டளையிட்டுவிட்டான் என்று பேசும் ஆர்வலர்கள் உண்டு. அந்த வசனம் மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டும் இறங்கியதல்ல. பால்காரரிடம் கணக்குக் கேட்கும் பேச்சும் அந்தக் கொடையில் அடக்கம்.

நபிமொழி ஒன்றும் இருக்கிறது, புகாரி தொகுப்பில். கிழக்குத் திசையிலிருந்து இரண்டு பேர் வந்து பேசினார்கள். கேட்ட மக்கள் மயங்கிப்போனார்கள். அப்போது நபிகள் நாயகம், 'பயானில் சூனியமும் உண்டு' என்றார்கள். இது நல்ல பேச்சுக்குப் பாராட்டா, பேச்சில் மயங்குகிறவர்களுக்கு எச்சரிக்கையா என்று உரையாசிரியர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறார்கள். நம் ஊர் மேடைகளில் பாராட்டு என்ற பக்கமே அதிகம் எடுபடுகிறது. பேசுகிறவரே தேர்ந்தெடுக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஜாஹிழ் எழுதிய பெரிய நூலின் பெயரிலேயே பயான் இருக்கிறது. சொல்வன்மை பற்றிய நூல். பிற்காலத்தில் அரபு அணியிலக்கணத்தை மூன்றாகப் பகுத்தபோது அதில் ஒரு பகுதிக்கு பயான் என்றே பெயரிட்டார்கள். உவமை, உருவகம், குறிப்பால் உணர்த்துவது ஆகியவை அதில் வரும். நம் தண்டியலங்காரம் செய்கிற வேலையில் ஒரு பங்கு. ஆகவே வேலூர் மதரஸா ஒன்றில் ஓதும் மாணவருக்கு பயான் என்பது முதலில் ஒரு பாடம். பரீட்சை உள்ள பாடம். மேடையில் ஏறி பயான் செய்வது அதற்குப் பிறகு வருவது.

இத்தனை பொருளிலும் பிரசங்கம் எங்கே? அரபு மொழியில் இல்லை. துபாயில் 1980 முதல் வெளிவரும் ஒரு நாளிதழின் பெயர் அல்பயான். ஆம்பூரிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர் கடையில் தொங்கும் அந்தப் பெயரைப் பார்த்து மார்க்கப் பத்திரிகை என்று வாங்கினால், பங்குச் சந்தையும் கால்பந்தும் படித்துவிட்டு வர வேண்டியதுதான். இன்றைய அரபில் பயான் என்றால் அரசோ அமைப்போ வெளியிடும் அறிக்கை. பிரசங்கத்துக்கு அரபில் குத்பா, வஅள், தர்ஸ் என்று வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. மலையாள முஸ்லிம்கள் இரவெல்லாம் விழித்துக் கேட்பது வஅள். வங்காளத்தில் அதே சொல் வாஸ் என்று திரிந்து நிற்கிறது. துருக்கியிலும் வஅள்தான், வாஅஸ் என்று. பிரசங்கத்தை பயான் என்று சொல்வது உருதுவின் வழக்கம். உருதில் 'பயான் கர்னா' என்றால் எடுத்துரைப்பது. அந்தக் 'கர்னா' தமிழில் 'செய்' ஆகி, 'பயான் செய்தார்' என்று நிற்கிறது. ஆக, அரபில் பிறந்த சொல் உருது வீட்டில் வளர்ந்து, அங்கே கற்ற பொருளோடு தமிழுக்கு வந்திருக்கிறது.

உருது நமக்குத் தந்த சொற்கள் இரண்டு வாசல் வழியாக வந்தன என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கச்சேரி வாசல், அதாவது அரசு அலுவலகத்தின் வாசல். ஆற்காடு நவாபுகளின் அரசாங்க மொழி பாரசீகம். வசூல், ஜாமீன், ஆஜர், தாலுக்கா, பசலி எல்லாம் அந்த வாசல் வழியாக எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டன. பயானும் அப்படி வந்திருக்கலாம், வாக்குமூலம் என்ற பொருளில். ஆனால் அந்த நாற்காலியில் 'வாக்குமூலம்' உட்கார்ந்துவிட்டது. பயானுக்குத் திறந்திருந்தது மதரஸா வாசல் மட்டும்தான்.

அந்த வாசல் வேலூரில் பெரியது. ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து ஓதியவர்கள் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று போட்டுக்கொள்கிறார்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் உமராபாத்தில் 1924இல் தொடங்கிய தாருஸ்ஸலாமில் ஓதியவர்கள் 'உமரி'. இந்தக் கூடங்களில் அரபு நூலை உருதில் விளக்கிப் பாடம் நடத்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. சேலத்துக்கோ தஞ்சாவூருக்கோ இமாமாகப் போன இளைஞர், படித்ததைத் தமிழில் சொல்லிவிட்டு, செய்த காரியத்துக்குப் பெயரை மட்டும் உருதிலேயே விட்டுவைத்தார். பின்னால் 1920களில் மேவாத்தில் தொடங்கிய தப்லீக் ஜமாஅத் என்னும் மார்க்கப் பரப்புரை இயக்கமும் பயான் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. கூடவே கஷ்த் (வீடு வீடாகச் சுற்றுவது), தஃலீம் (பாடம் படிப்பது), சில்லா (நாற்பது நாள் பயணம்) என்று ஒரு மூட்டை.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். பாக்கியாத் என்ற பெயர் குர்ஆனில் வரும் 'அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்' என்ற தொடர். நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்று பொருள். 'பாக்கி' என்றால் மிஞ்சி நிற்பது. மளிகைக் கடைச் சிட்டையில் நம் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் பாக்கியும் அதேதான். கல்லூரிப் பெயரும் கடைப் பாக்கியும் ஒரு வேர். ஒன்று மதரஸா வாசல் வழியாக வந்தது, இன்னொன்று கச்சேரி வாசல் வழியாக.

கேரளத்துப் பாகவிகளும் இதே வேலூரில்தான் ஓதினார்கள். ஆனாலும் அங்கே வஅள்தான் நிலைத்தது. மதரஸா மட்டுமே ஒரு சொல்லை ஊன்றிவிடாது என்பதற்கு அது சாட்சி. கேட்கிறவர்களுக்கும் நாக்கு இருக்கிறது. வஅள் என்பதன் நடுவில் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஐன். கடைசியில் தமிழில் ஒரு முடிவுக்கே வராத எழுத்து. லுஹர், ளுஹர், ஜொஹர் என்று ஒரு தொழுகையின் பெயரை ஊருக்கு ஒரு விதமாகப் பலகையில் எழுதவைத்த எழுத்து அதுவேதான். பயானில் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற அமைப்பு.

சரி, குத்பா என்ற பெயர் இருக்கும்போது வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சொல் எதற்கு? இங்கேதான் காரியம் இருக்கிறது. ஜும்ஆத் தொழுகைக்கு முன் இமாம் மிம்பர் என்னும் படிமேடையில் ஏறி நின்று நிகழ்த்துவது குத்பா. இரண்டு பகுதி, நடுவில் சற்று அமர்வார். அது தொழுகையின் அங்கம் போன்றது. குத்பா நடக்கும்போது பக்கத்தில் பேசுகிறவரைப் பார்த்து 'சும்மா இரு' என்று சொன்னாலும் வீண் பேச்சு பேசியதாக ஆகிவிடும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. வட ஆற்காட்டுப் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை ஹனஃபி என்னும் சட்டவழியைச் சேர்ந்தவை. அந்த வழியின் மூலவரான இமாம் அபூ ஹனீஃபா பிற மொழியிலும் குத்பா செல்லும் என்றவர்; ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அரபியை விடக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார்கள். ஆகவே குத்பா அரபியிலேயே நடக்கும். தோல் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து உட்காரும் தொழிலாளிக்கு அதில் ஒரு வரி புரியாது.

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் பயான். முதல் பாங்கு சொல்லி முடிந்ததும் இமாம் மிம்பரில் ஏற மாட்டார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும், அதில் அமர்ந்துகொள்வார். ஒலிபெருக்கியை ஒரு தட்டுத் தட்டுவார். அரை மணி நேரம் தமிழில் பேசுவார், அல்லது உருதில். சில இடங்களில் ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, சொல்ல நினைத்த கடைசிக் கதையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு முடிப்பார். எல்லாரும் எழுந்து சுன்னத் என்னும் தனித் தொழுகையைத் தொழுவார்கள். இரண்டாம் பாங்கு. இப்போது அதே மனிதர் அஸா என்னும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு மிம்பர் படியில் ஏறுகிறார், குரலே மாறிவிடுகிறது. நாற்காலியில் பேசியது பயான். படியில் ஓதுவது குத்பா. ஐந்தடித் தூரம்தான்.

பயானுக்குத் தாமதமாக வரலாம். கதவோரம் உட்கார்ந்து கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் மறுவாரம் வேறு பள்ளிக்குப் போகலாம். குத்பாவில் அந்தச் சுதந்திரம் இல்லை. 1980களுக்குப் பிறகு குத்பாவையே தமிழில் நிகழ்த்தும் பள்ளிவாசல்கள் வந்தன. அங்கே முன்னால் ஒரு பயான் தேவையில்லாமல் போய்விட்டது. ஆனாலும் வீடு திரும்பியவரிடம் மனைவி கேட்பது, இன்றைக்கு என்ன பயான் என்றுதான்.

இதை முஸ்லிம்களின் தனிக்கதை என்று ஒதுக்க வேண்டாம். பாலாற்றின் மறுகரையில் காங்கேயநல்லூர். 1906இல் அங்கே பிறந்து 1993 வரை தமிழ்நாடு முழுவதும் முருகன் புகழ் பேசிய கிருபானந்த வாரியார் செய்தது என்ன? சொற்பொழிவு என்றார்கள், உபன்யாசம் என்றார்கள், பிரசங்கம் என்றார்கள், காலட்சேபம் என்றும் சொன்னவர்கள் உண்டு. இவற்றில் சொற்பொழிவு ஒன்றுதான் நேரடியாகப் பேச்சைக் குறிக்கிறது. உபன்யாசம் என்பதற்கு வடமொழியில் அருகில் கொண்டுவந்து வைத்தல் என்று பொருள். இந்திக்காரருக்கு அது நாவல். பிரசங்கம் என்றால் ஒட்டுதல், சந்தர்ப்பம். தமிழில் அது பேச்சாகி, பேச்சு மிஞ்சியவரை அதிகப்பிரசங்கி ஆக்கியது. காலட்சேபம் இன்னும் வேடிக்கை: காலத்தைக் கழிப்பது. அரிகதையும் காலட்சேபம், ஏதோ வயிற்றைக் கழுவிக்கொண்டு நாளை ஓட்டுவதும் காலட்சேபம். 1850களில் ஆற்காடு மிஷன் பாதிரிமார்கள் சந்தைகளில் நின்று பேசியதும் பிரசங்கம். தமிழ் விவிலியத்தில் ஒரு நூலுக்கே பிரசங்கி என்று பெயர். எந்தச் சமயமும் இந்தக் காரியத்துக்குப் புதிதாக ஒரு சொல் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த சொல்லை எடுத்துப் பூண் கட்டிக்கொண்டார்கள். பொருளால் பயானுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் தெளிவுரை. அதையோ புத்தகக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

பயானின் தொடக்கத்தில் ஓர் அரபுப் பகுதி உண்டு. இறைவனைப் புகழ்ந்து, நபியின் மீது ஸலவாத்து என்னும் வாழ்த்துச் சொல்லி, 'அம்மா பஅத்' என்று நிறுத்துவார்கள். 'இனி விஷயத்துக்கு வருவோம்' என்பதற்கு அரபியில் உள்ள பழைய வாசகம். அதற்குப் பிறகுதான் வசனம், அதற்குப் பிறகுதான் 'கண்ணியத்திற்குரிய பெரியோர்களே' என்று தமிழ். மக்தப் என்னும் பிள்ளைகளின் ஓதும் பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்கு பயான் போட்டி வைப்பார்கள். மூன்று நிமிடப் பேச்சை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்.

போன வருடம் அப்படி ஒரு விழாவில் கடைசி வரிசையில் நின்றேன். ஆறு வயதுப் பையன், தலைக்குப் பெரிய தொப்பி. அரபுப் பகுதியை மூச்சு விடாமல் ஒப்பித்தான். "அம்மா பஅத்" என்றான். அடுத்தது வரவில்லை. இன்னொரு தடவை "அம்மா பஅத்" என்றான். மூன்றாவது தடவை "அம்மா" என்றதோடு நின்று, பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெல்ல அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது.